பீஸ் கொடுக்காத பிள்ளை

கேள்வி: தனியார் பள்ளியில் ஆறு வருடம் கணக்கு டீச்சராக இருந்தேன். இப்போது மாலையில் 7, 8-ம் வகுப்புப் பிள்ளைகள் பதினொரு பேருக்கு வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். சொல்லிக்கொடுத்த கணக்கை அச்சுப் பிசகாமல் போடுகிறார்கள். ‘ஏன் இப்படிப் போட்டாய்?’ என்று கேட்டால் ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. வாக்கியக் கணக்கு வந்தால், ‘மிஸ், பெருக்கணுமா, வகுக்கணுமா?’ என்கிறார்கள். என் மகளும் ஏழாவதுதான், இங்கேயே உட்காருகிறாள். அவள் எதற்கெடுத்தாலும் ‘ஏன்’ என்று கேட்டு மற்றவர்கள் நேரத்தைக் கெடுப்பதால் கடைசியில் உட்கார வைத்திருக்கிறேன். அவள் என்ன, பீஸா கொடுக்கிறாள்! பிள்ளைகளை யோசிக்கவும் பேசவும் வைக்க நல்ல புத்தகம் இருந்தால் சொல்லுங்கள்.
- பெயர் வேண்டாம், விருதுநகர்

பதில்: பிள்ளைகள் வாய் திறப்பதில்லை என்று எழுதும் டீச்சர்கள் எனக்குப் புதிதல்லர். ‘நீங்கள் நன்றாகத்தான் சொல்லிக்கொடுக்கிறீர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படி’ என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுத மாட்டேன்.

உங்கள் வீட்டில் ‘ஏன்’ என்று கேட்ட ஒரே பிள்ளையைக் கடைசிக்கு அனுப்பிவிட்டீர்கள். மீதிப் பேர் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சொந்த மகளுக்கே அந்தக் கதி என்றால் அடுத்த வீட்டுப் பிள்ளை எந்தத் தைரியத்தில் பேசும்? அவர்களுக்கு யோசிக்கத் தெரியாமல் இல்லை. உங்களைப் பார்த்து நன்றாக யோசித்துத்தான் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்.

பீஸ் பற்றிய வரியை வேடிக்கையாகத்தான் எழுதியிருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்’ என்பதை எத்தனையோ வீடுகளில் சாக்காகச் சொல்லிக் கேட்டுவிட்டேன். தானே வளராது அம்மா. நாம்தான் வளர்க்க வேண்டும். காசு வாங்கிக்கொண்டு மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் பொறுமை, அதே பாயில் உட்கார்ந்திருக்கும் பெற்ற பிள்ளைக்கு இல்லையென்றால் டியூஷன் நடத்துவதில் என்ன பெருமை?

சரி, அவள் என்னதான் கேட்டாள்? நீங்கள் எழுதவில்லை. ஏழாம் வகுப்பு என்பதால், பின்னத்தை வகுக்கும்போது ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்பது அதில் ஒன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்கு ‘அதுதான் ரூல்’ என்று சொல்லியிருந்தால் தப்பு உங்களுடையது.

உங்கள் வீட்டிலோ பக்கத்திலோ பழைய படியும் ஆழாக்கும் இருக்கும். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு. முக்கால் படி அரிசியை எடுத்துப் பாயின் நடுவில் வையுங்கள். எத்தனை ஆழாக்கு வரும் என்று முதலில் ஊகிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவர்களே அளக்கட்டும். ஆறு வரும். அதன்பிறகு பலகையில் 3/4 ÷ 1/8 என்று எழுதுங்கள். எட்டால் ஏன் பெருக்குகிறோம் என்று இப்போது கேட்டால், ‘ஒரு படியில் எட்டு இருக்கே மிஸ்’ என்று எவனாவது சொல்வான். சொல்லாவிட்டால் அவசரப்பட்டு நீங்கள் சொல்லிவிடாதீர்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைப் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சுமார் ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கினால் பிள்ளைகளின் பதில் நீண்டது, தாமாகப் பேசுகிறவர்களும் கூடினார்கள். மூன்று நொடி சும்மா இருப்பது டீச்சருக்கு எவ்வளவு கஷ்டம் என்பது இருந்து பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று. தப்பான விடைக்கு மட்டும் ‘ஏன்’ கேட்கிற பழக்கம் உங்களிடம் இருக்கும், பெரும்பாலான டீச்சர்களிடம் இருக்கிறது. அதனால் ‘ஏன்’ என்றாலே பிள்ளை ரப்பரைத் தேடுகிறது. சரியான விடைக்கும் கேளுங்கள். அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஒருவன் 2/5 என்று எழுதினால், அந்த விடையை அடிக்காதீர்கள், அழிக்கவும் விடாதீர்கள். ‘இது அரையைவிடப் பெரிசா, சின்னதா?’ என்று மட்டும் கேளுங்கள். பாதிச் சோற்றோடு இன்னும் கொஞ்சம் போட்ட பிறகு பாதியைவிடக் குறைந்துவிட்டதா என்று அவனே முழிப்பான். அந்த முழியில்தான் கணக்கு ஆரம்பிக்கிறது.

‘என்எம்எம்எஸ் பரீட்சைக்குத் தயார் பண்ணு’ என்று பெற்றோர் நெருக்குவார்கள், தெரியும். எட்டாம் வகுப்பில் எழுதும் மத்திய அரசு உதவித்தொகைப் பரீட்சை அது. 180 கேள்வியும் விடையைத் தேர்ந்தெடுப்பதுதான், யாரும் விளக்கம் கேட்கப் போவதில்லை. தேர்வானால் 9-ம் வகுப்பிலிருந்து நான்கு வருடத்துக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய். ஏழை வீட்டுக்கு அது பெரிய பணம், கேலி செய்ய மாட்டேன். ஆனால் ‘பெருக்கணுமா, வகுக்கணுமா’ என்று கேட்கிற பிள்ளைக்கு அந்தப் பரீட்சையில் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல மிஸ் இருக்க மாட்டார்.

புத்தகம் கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். நாளை மாலை எல்லோர் எதிரிலும், ‘உன் கேள்விக்கு நான் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன்’ என்று மகளிடம் சொல்லிவிட்டு, அவளையே அரிசியை அளக்கச் சொல்லுங்கள். உடனே முன்னால் வந்து உட்கார மாட்டாள், ரோஷம் இருக்கும். இழுக்காதீர்கள். ஆழாக்கை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு மற்ற பிள்ளைகளின் நோட்டைப் பாருங்கள்.