தன்பாலீர்ப்பாளர்கள் அதை ஏன் வெளியே சொல்லிக்கொள்ள வேண்டும்? உங்களை யார் கேட்டார்கள்?

கேள்விக்குக் கீழே விளக்கமும் இருக்கிறது: "படுக்கையறை விஷயத்தை எதற்குத் தெருவில் ஊர்வலமாகக் கொண்டுபோக வேண்டும்? நாங்கள் எல்லாம் எங்களுடையதைச் சொல்லிக்கொண்டா திரிகிறோம்?" திட்டுவதற்காகக் கேட்டது போலத் தெரியவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் ஆண், வயது முப்பத்தைந்தைத் தாண்டியாயிற்று, ஈர்ப்பு ஆண்கள் மேல்தான். சொந்த ஊர் திண்டுக்கல் பக்கம், இருப்பது சென்னை.

யார் கேட்டார்கள் என்கிறீர்களே, கேட்காத ஆளே இல்லை. முடி வெட்டுகிறவர் கேட்பார், "அண்ணே, எத்தனை பசங்க?" வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் முன்பணம் எவ்வளவு என்பதற்கு முன்னாலேயே "பேச்சிலரா, ஃபேமிலியா?" சொந்தத்தில் ஒரு கல்யாணம் என்றால் பந்தியில் இலை போடுவதற்குள் மூன்று பெரியம்மாக்கள் "அடுத்து நீதான்டா" என்று சொல்லிவிட்டுப் போவார்கள், அதில் ஒருவர் கைபேசியில் ஒரு பெண்ணின் ஜாதகமும் தயாராக இருக்கும். இருபத்தைந்து வயதிலிருந்து முப்பத்திரண்டு வரை என்னிடம் அதிகம் பேர் கேட்ட கேள்வி சம்பளம் பற்றியது கூட இல்லை, இதுதான். அப்படி ஊரே கூடிக் கேட்டுவிட்டு, உண்மையைச் சொன்ன பிறகு "இதை எல்லாம் ஏன் சொல்கிறாய், உன் சொந்த விஷயம்தானே" என்றால் எப்படி?

அப்புறம், நீங்கள் சொல்லிக்கொண்டு திரியவில்லை என்கிறீர்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே இருபதடி ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளையும் பெண்ணும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள், சுற்றிலும் வாழ்த்தும் நண்பர்களின் முகங்கள். அது என்ன? வளைகாப்பு என்று ஊரைக் கூட்டிக் கலந்த சாதம் போடுகிறோமே, யோசித்துப் பார்த்தால் அதைவிட வெளிப்படையான படுக்கையறை அறிவிப்பு உண்டா? (எனக்கு வளைகாப்பு ரொம்பப் பிடிக்கும், புளியோதரைக்காகவே போவேன், அது வேறு.) மேஜையில் மனைவி படம் வைப்பதும், "வீட்ல சொல்லிட்டு வரேன்" என்பதும், தலைதீபாவளிக்கு லீவு கேட்பதும் யாருக்கும் பாலியல் பேச்சாகத் தெரிவதில்லை. நான் என் நண்பனோடு வாழ்கிறேன் என்று ஒரு வரி சொன்னால் மட்டும் அது படுக்கையறைக்குள் போய்விடுகிறது.

சொல்லாமல் இருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இல்லை, அது முழுநேர வேலை. வார இறுதியில் எங்கே போனேன், யாரோடு போனேன், அந்தச் சட்டை யார் எடுத்துக் கொடுத்தது, எல்லாவற்றுக்கும் ஒரு கதை வேண்டும், போன மாதம் சொன்ன கதையோடு அது ஒத்துப்போகவும் வேண்டும். "அவன்" என்று வரவேண்டிய இடத்தில் எல்லாம் "அவங்க" போட்டுப் பேசிப் பழகியிருந்தேன். ஜாதகத்தில் செவ்வாய் தோஷம் இருந்தது எனக்குப் பெரிய உதவி, வந்த வரன்களில் பாதியை அதுவே திருப்பி அனுப்பிவிட்டது. மீதியை நான்தான் நிறம், உயரம், படிப்பு என்று ஏதாவது குறை சொல்லித் தட்டிக் கழித்தேன். எந்தக் குறையும் இல்லாத பெண்களை அப்படிச் சொன்னேன் என்பது இப்போது எழுதும்போதும் உறுத்துகிறது.

ஒருகட்டத்தில் அக்காவிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை, அப்புறம் "அதான் அந்தப் பையன் வந்தா மட்டும் நீ சமைக்கிறியா?" என்றாள். அம்மாவிடம் சொல்லும்போதும் அவள் கூட உட்கார்ந்திருந்தாள். அம்மா அழுதார், யார் சாபம் என்று தேடினார், குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்காமல் விட்ட வருஷத்தைக் கண்டுபிடித்தார். அதற்கு அடுத்து அவர் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "இதை முன்னாடியே சொல்லியிருந்தா நான் அந்தப் புள்ள வீட்டுல போயி பூ வச்சிட்டு வந்திருக்க மாட்டேனேடா, அவுக மூஞ்சில எப்படி முழிப்பேன்?" அவருக்கு அவமானம் என் விஷயத்தில் மட்டும் இல்லை, அந்தப் பெண்ணின் விஷயத்திலும் இருந்தது. அப்பாவிடம் அம்மாதான் சொன்னார். அப்பா இன்றுவரை என்னிடம் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆனால் வரன் பார்ப்பது நின்றுவிட்டது.

அந்தப் பெண் என்று அம்மா சொன்னதைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் "சொல்லாதே, அமைதியாக இரு" என்று அறிவுரை சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதே இல்லை. நம் ஊரில் அமைதியாக இருக்கும் தன்பாலீர்ப்பு ஆண் பிரம்மச்சாரியாக இருப்பதில்லை, அவனுக்குக் கல்யாணம் செய்துவைக்கப்படுகிறது. செய்துவைத்தால் சரியாகிவிடும் என்கிறார்கள், சரியாவதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. கல்யாணமாகி வருஷக்கணக்கில் குழந்தை இல்லை. மாமியார் வீட்டில் கேட்டது அந்தப் பெண்ணைத்தான், டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவளைத்தான், அரசமரத்தைச் சுற்றியதும் அவள்தான். அவர் தினமும் வேலை முடிந்து தாமதமாக வருவார், வந்ததும் தூங்கிவிடுவார். தன் உடம்பில்தான் ஏதோ குறை என்று அந்தப் பெண் நம்பியிருந்தாள். கடைசியில் விவாகரத்து ஆனபோதும் ஊருக்குச் சொன்ன காரணம் அவள் அனுசரித்துப் போகவில்லை என்பதுதான். நான் அவரை ரொம்பத் திட்டவும் மாட்டேன், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு வாயைத் திறக்கிற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும்? ஆனால் "உன் சொந்த விஷயம்" என்ற பேச்சு இங்கே செல்லாது. அந்த மௌனத்துக்கு விலை கொடுத்தது வேறொரு ஆள்.

சொன்ன பிறகு எல்லாம் சுபம் என்றும் இல்லை. பக்கத்து ஊரில் ஒரு மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனார்கள். அவர் பத்து நிமிஷம் பேசிவிட்டு மாத்திரை எழுதினார், "கல்யாணம் பண்ணி வைங்க, போகப்போகச் சரியாயிடும்" என்று அப்பாவிடம் சொன்னார். இன்று ஒருவர் அப்படிச் செய்தால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், மருத்துவத்தின் பெயரால் பாலீர்ப்பை மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்தது. நீதிபதி முன் வந்த அந்த வழக்கு, பெற்றோர் எதிர்ப்பால் மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து பாதுகாப்புக் கேட்ட இரண்டு இளம்பெண்களுடையது. தனக்கே இந்த விஷயத்தில் முழுப் புரிதல் இல்லை என்று நீதிபதி வெளிப்படையாக ஒப்புக்கொண்டார், உளவியலாளர் ஒருவரிடம் அமர்வுக்குப் போனார், எங்கள் சமூகத்து ஆட்களோடு பேசினார், அதற்குப் பிறகுதான் தீர்ப்பு எழுதினார். அவரோடு பேச, தங்களைப் பற்றிச் சொல்லத் தயாராகச் சிலர் இருந்ததால்தான் அது நடந்தது.

இதற்கு நேர் எதிரானது 2013. டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம், நான்கு வருஷம் முன்பு டெல்லி உயர் நீதிமன்றம் தந்திருந்த தீர்ப்பைப் புரட்டி, தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-வது பிரிவை மறுபடி உயிர்ப்பித்தது. அதில் சொன்ன காரணங்களில் ஒன்று, நாங்கள் மக்கள்தொகையில் மிகச் சிறிய துளி என்பது, 150 ஆண்டுகளில் 200 பேருக்கும் குறைவானவர்கள் மேல்தான் வழக்கு நடந்திருக்கிறது என்பது. கவனியுங்கள்: ஒளிந்துகொள்ளச் சொன்னதும் சட்டம்தான், ஆளே கண்ணில் படவில்லையே என்று சொன்னதும் சட்டம்தான். அன்று ராத்திரி நான் எவ்வளவு ஆத்திரப்பட்டேன் என்றால், அதுவரை ஊர்வலம் எல்லாம் நமக்கு எதற்கு என்று உங்களைப் போலவே பேசிக்கொண்டிருந்தவன், அடுத்த ஜூனில் போய் நின்றேன். முகமூடி போட்டுக்கொண்டுதான். என்னைப் போல முகமூடி போட்டவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், டிவி கேமரா வந்தால் தலையைத் திருப்பிக்கொள்வோம். எண்ணிக்கை போதவில்லை என்றீர்களே, இந்தா ஒரு தலை, எண்ணிக்கொள்ளுங்கள் என்பதுதான் மனதில் இருந்தது.

கொல்கத்தாவில் 1999 ஜூலை 2 அன்று எங்கள் ஆட்கள் உரிமை கேட்டு நடந்த முதல் ஊர்வலத்தில் 15 பேர்தான். சென்னையில் முதல் வானவில் பேரணி 2009 ஜூனில் மெரினாவில், டெல்லி தீர்ப்பு வருவதற்குச் சில நாள் முன்னால். அப்போது தன்பாலுறவு சட்டப்படி குற்றம். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். என்னைப் போல பேண்ட் சட்டை போட்டு, தாடி வைத்து, கூட்டத்தில் கலந்துவிடக்கூடிய ஆண்கள் வருவதற்கு ரொம்ப நாள் முன்பே, ஒளிந்துகொள்ளவே வழியில்லாத திருநங்கைகள் இந்த ஊர்த் தெருக்களில் நின்று அடியும் வசையும் வாங்கியிருக்கிறார்கள். 2008-ல் தமிழ்நாடு திருநங்கைகளுக்கு நலவாரியம் அமைத்தது, இந்தியாவிலேயே முதல் முறையாக. அவர்கள் போட்ட பாதையில்தான் நாங்கள் பின்னால் மெதுவாக நடந்து வந்தோம். பேரணியிலும் பறை அடிக்கும் இடத்தில் முன்னால் ஆடுவது அவர்கள்தான், எங்கள் ஐடி கூட்டம் பின்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கும்.

மேற்கிலிருந்து வந்த பழக்கம் என்பவர்களுக்கு நீளமாகப் பதில் எழுதும் பொறுமை எனக்கு இல்லை. 377-ஐ 1860-ல் எழுதியது வெள்ளைக்காரன், அதை 2018 செப்டம்பர் 6 அன்று எங்கள் அளவில் நீக்கியது ஐந்து இந்திய நீதிபதிகள். அதில் நீதிபதி இந்து மல்ஹோத்ரா, இத்தனை கால தாமதத்துக்காக வரலாறு இந்த மக்களிடமும் அவர்கள் குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறது என்று எழுதினார். குடும்பங்களிடமும் என்று சேர்த்தாரே, அதை அக்காவுக்கு அன்றைக்கே அனுப்பினேன்.

கொண்டாட என்ன இருக்கிறது என்றால், முழுசாகக் கொண்டாட இன்னும் இல்லைதான். 2023 அக்டோபரில் திருமண உரிமை கிடையாது என்று தீர்ப்பு வந்துவிட்டது. மறுவருஷம் கூட்டு வங்கிக் கணக்கு தொடங்கத் தடை இல்லை என்று நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது, 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், கல்யாணம் மட்டுமே குடும்பமாவதற்கான வழி இல்லை என்று சொல்லியிருக்கிறது. சில்லறை சில்லறையாகத்தான் வருகிறது. கம்பெனிகள் ஜூன் மாதம் லோகோவை வானவில் நிறத்துக்கு மாற்றி ஜூலையில் திருப்பி மாற்றுவதைப் பற்றிக் கேட்டால், எனக்கும் சிரிப்புதான் வரும். ஆனாலும் இன்ஷூரன்ஸ் படிவத்தில் துணை என்ற இடத்தில் அவன் பெயரை எழுதியபோது சிரிக்கத் தோன்றவில்லை.

குழந்தைகள் பார்த்தால் கெட்டுவிடாதா என்று கீழே இன்னொருவர் கேட்டிருக்கிறார். நான் சின்ன வயதிலிருந்து பார்த்ததெல்லாம் ஆண்-பெண் காதல் பாட்டுத்தான், அதைப் பார்த்து நான் மாறவில்லையே. என் அக்கா மகளுக்குப் பத்து வயது, எங்கள் வீட்டுக்கு வந்தால் இரண்டு பேரையும் மாமா என்றுதான் கூப்பிடுகிறாள். அவளுடைய ஒரே சந்தேகம், இரண்டு மாமா இருந்தால் பிறந்தநாளுக்கு இரண்டு பரிசு வருமா என்பது.

ஒன்றே ஒன்று, இதைப் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு. நான் சொன்னேன் என்பதற்காக நீங்கள் நாளைக்கே வீட்டில் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. படிப்புச் செலவும் சாப்பாடும் அப்பா கையில் இருக்கிறது, கோபம் வந்தால் அடிக்கிற வீடு, கைபேசியைப் பிடுங்கி அறையில் பூட்டுகிற வீடு என்றால் இப்போது சொல்லாதீர்கள். அது கோழைத்தனம் இல்லை. முதலில் ஒரு வேலை, தங்க ஒரு இடம், ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் எடுக்கிற ஒரு நட்பு, இந்த மூன்றும் அமையட்டும். நான் சொன்னது என் சம்பளத்தில் என் வாடகை கட்டத் தொடங்கிப் பல வருஷம் கழித்து. சென்னையில் 'ஓரினம்' என்ற குழு தமிழிலும் நிறைய எழுதிவைத்திருக்கிறது, பெற்றோருக்குப் புரியவைக்கவும் அதில் விஷயம் கிடைக்கும், என் அம்மாவுக்கு அக்கா அதிலிருந்துதான் படித்துக் காட்டினாள்.

கேள்வி கேட்டவருக்கு: பேரணி பெரும்பாலும் ஜூன் கடைசி ஞாயிறு வாக்கில் நடக்கும். ஒருமுறை வந்து பாருங்கள், ஓரமாக நின்று பார்த்தாலும் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். வெயில் அன்றைக்கென்று மண்டையைப் பிளக்கும், தண்ணீர் பாட்டில் எடுத்து வாருங்கள்.