பழைய ராக் குழுக்களை இன்றைய இளைஞர்கள் மதிக்கிறார்களா?

பாப் நட்சத்திரங்களைக் கொண்டாடும் இளைய தலைமுறை பழைய ராக் குழுக்களை மறந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மறக்கவில்லை, ஆனால், குழுக்களாக அல்லாமல் தனித்தனிப் பாடல்களாகவே அவை இவர்களை வந்தடைகின்றன.

2020 இல் அமெரிக்காவில் ஒருவர், சறுக்குப் பலகையில் நின்று சாலையில் சென்றவாறே புட்டியிலிருந்து கிரான்பெர்ரி சாற்றைக் குடித்துக்கொண்டு, ஃப்ளீட்வுட் மேக் என்னும் ராக் குழுவின் ‘ட்ரீம்ஸ்’ பாடலுக்கு வாயசைத்தார். டிக்டாக்கில் பரவிய அந்தச் சிறு காணொளியால், 1977 இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த அப்பாடல் மீண்டும் பில்போர்டு என்னும் அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலுக்குள் நுழைந்தது. 73 வயதாகியிருந்த அக்குழுவின் டிரம்மர் மிக் ஃப்ளீட்வுட்டும் அதேபோல் ஒரு காணொளியை எடுத்து வெளியிட்டார். அப்பாடலை ரசிக்க, அக்குழுவினரிடையே இருந்த பிணக்குகளின் கதை எதுவும் பதின்ம வயதினருக்குத் தேவைப்படவில்லை.

பாப் நட்சத்திரத்தோடு இவர்களுக்குள்ள உறவு வேறு. அமெரிக்கப் பாப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் 2023–24 இல் 149 நிகழ்ச்சிகள் நடத்திய ‘ஈராஸ்’ சுற்றுப்பயணத்துக்கு, ரசிகர்கள் மணி கோத்த கைவளையங்களைத் தாமே செய்து கொண்டுபோய், முன்பின் அறியாதவர்களோடு மாற்றிக்கொண்டார்கள். இதை வெறும் மோகம் என்று குறைகூறும் மூத்த ராக் ரசிகர்கள், தங்கள் இளமையில் குழுச் சின்னம் பொறித்த சட்டையணிந்து திரிந்ததை ஏனோ கணக்கில் சேர்ப்பதில்லை.