ஜப்பான் பிளேடு செட் 35 ஆயிரத்துக்கு வருது, வாங்கலாமாண்ணா?

ஓசூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார். சொந்த ஊரு காவேரிப்பட்டணமாம், சிப்காட்ல ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில குவாலிட்டி பாக்குறார், வயசு 42. ஜப்பான் கஸ்டமர் வந்தா ஞாயித்துக்கிழமை பெங்களூர் கூட்டிட்டுப் போய் கோல்ஃப் ஆடணும்னு மேல இருந்து சொல்லிட்டாங்க, அஞ்சு மாசமா வாடகை கிளப் (பந்தடிக்கிற மட்டை) வச்சு கத்துக்கிட்டு இருக்கார். "ஊருக்குத் திரும்பப் போற ஜப்பான் சார் ஒருத்தர் மிசுனோ ஃபோர்ஜ்டு பிளேடு, 3ல இருந்து பிட்சிங் வெட்ஜ் வரைக்கும் 35 ஆயிரத்துக்கு தர்றேன்றார். ஃப்ரெண்டு பிங் வாங்குன்றான், கோச் காலவே வாங்குன்றார். என் பட்ஜெட் 60 ஆயிரம். எந்த கம்பெனிண்ணா பெஸ்ட்?"

தம்பி, முதல்ல அந்த பிளேடு செட்ட வாங்காதீங்க. (புதுசா படிக்கிறவங்களுக்கு: அயர்ன்னா நம்பர் போட்ட இரும்புத்தலை கிளப், நம்பர் ஏற ஏற தூரம் குறையும். வெட்ஜ்னா கிட்டத்துல இருந்து அடிக்கிறது. பிளேடுனா முதுகுல குழி இல்லாத மெல்லிசு அயர்ன்.) சரக்கு மோசம்னு சொல்லல, அருமையான சரக்கு. உங்களுக்கான சரக்கு இல்ல, அவ்வளவுதான்.

நானும் இதே மாதிரி ஒரு செட்ட வாங்கித்தான் ஆரம்பிச்சேன். டூல் ரூம்ல வேலை பாத்துட்டு இருந்த காலம், பளபளன்னு கண்ணாடி மாதிரி இருந்துச்சு, கையில எடுத்ததும் காசு எடுத்துக் குடுத்துட்டேன். டிசம்பர் மாசம் காலைல ஆறரை மணி, ஓசூர் குளிரு உங்களுக்குத் தெரியும், முதல் பால் கீழ் ஓரத்துல பட்டுச்சு பாருங்க, உள்ளங்கைல இருந்து முழங்கை வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி. பால் நாப்பது கஜம் உருண்டு போய் நின்னுச்சு. ஒரு வருஷம் அத வச்சு மல்லுக்கட்டிட்டு அப்புறம் வித்துட்டேன், வாங்குனவர் நல்லா ஆடறவரு, இன்னும் அதுலதான் ஆடறார்.

எந்த கம்பெனி பெஸ்ட்டுனு கேக்குறீங்க இல்ல, அந்தக் கேள்விய கொஞ்சம் திருப்பிப் போட்டுப் பாருங்க. இந்தத் துறைல பேரு வாங்குன ஒவ்வொரு ஆளும் யாரோ ஒருத்தரோட தொல்லைய தீக்கத்தான் ஆரம்பிச்சிருக்காங்க. அது யாரோட தொல்லை, உங்க தொல்லையும் அதானான்னு பாத்தா பாதி வேலை முடிஞ்சிரும்.

பிங் கம்பெனிய ஆரம்பிச்ச கார்ஸ்டன் சோல்ஹைம எடுத்துக்கங்க. நார்வேல பொறந்து சின்ன வயசுல அமெரிக்கா போனவரு, செருப்புத் தைக்கிற கடை வச்சிருந்தவரு, அப்புறம் ஜெனரல் எலக்ட்ரிக்ல இன்ஜினியர். கோல்ஃப் கிளப்ப அவர் முதல் தடவ தொட்டதே உங்க வயசுல, 42ல. கூட வேலை செய்றவங்க கூப்ட்டாங்கன்னு போயிருக்கார், பட்டிங், அதாவது பட்டர்ங்கிற கிளப்பால பந்த குழிக்குள்ள உருட்டுறது, சுத்தமா வரல. தன்னைத் திட்டிக்காம பட்டரத் திட்டிருக்கார், அதான் இன்ஜினியர் புத்தி. 1959ல வீட்டு கராஜ்லயே ஒரு பட்டர் செஞ்சார், எடைய நடுவுல வைக்காம ரெண்டு ஓரத்துக்கும் தள்ளிட்டார். பந்துல பட்டா 'பிங்'குனு சத்தம் வந்துச்சு, அதுவே பேராயிருச்சு. 1966ல அவர் போட்ட ஆன்சர் பட்டரோட வடிவத்தத்தான் இன்னிக்கு வரைக்கும் எல்லா கம்பெனியும் ஏதோ ஒரு பேர்ல செஞ்சுட்டு இருக்கு. பேரு இங்கிலீஷ் எழுத்துல நீளமா இருக்கு பட்டர்ல எழுத எடம் பத்தலன்னதும் சம்சாரம் ஒரு எழுத்த எடுத்துருங்கன்னு சொன்னாங்களாம், அதனால இன்னிக்கும் அது ஸ்பெல்லிங் தப்பாத்தான் இருக்கு.

ஓரத்துக்கு எடை போனா என்ன ஆகும்? நம்ம பக்கம் தண்ணிக் காவடி தூக்குறவங்களப் பாத்திருப்பீங்க. கம்போட ரெண்டு நுனியிலயும் குடம் தொங்குறப்ப அவரு சட்டுனு திரும்ப முடியாது, அதே ரெண்டு குடத்தையும் தோள்பட்டைகிட்ட நகத்திட்டா பம்பரமா திரும்பலாம். கிளப் தலையும் அப்படித்தான். பந்து நடுவுல படாம நுனிப்பக்கம் பட்டா தலை திரும்பப் பாக்கும், ஓரத்துல எடை இருந்தா கம்மியா திரும்பும், பந்து ரொம்ப ஓடிப்போகாது. இதே யோசனைய அயர்னுக்குக் கொண்டுபோனதுதான் முதுகுப்பக்கம் குழி விழுந்த கேவிட்டி பேக். 1982ல வந்த பிங் ஐ 2 செட் அப்படி ஓடுச்சு. பிளேடுல எடை மொத்தமும் நடு முதுகுல இருக்கும், நடுவுல அடிச்சா சொர்க்கம், அரை இன்ச் தள்ளுனா என் டிசம்பர் காலைதான்.

நீங்க ஃபோர்ஜிங், காஸ்டிங் பாக்குற ஆளு, அதனால இத உங்களுக்கு விளக்க வேண்டியதில்ல. மிசுனோ 1906ல ஒசாகால ஆரம்பிச்ச கம்பெனி, அவங்க ஃபோர்ஜ்டு அயர்ன ஹிரோஷிமால மைல்டு ஸ்டீல் கம்பியக் காய்ச்சி ஒரே துண்டா அடிக்கிறாங்க, கழுத்துல இருந்து முகம் வரைக்கும் இழை அறுந்து போகாம ஓடணும்னு. கனெக்டிங் ராடுல நீங்க வெட்டிப் பாக்குற அதே கிரெயின் ஃப்ளோதான். காஸ்டிங்னா மெழுகு அச்சு வச்சு ஊத்துறது, சுவாமிமலை ஸ்தபதிங்க ஐம்பொன் சிலைக்குப் பண்றாங்களே அந்த வேலைதான், மெட்டல் மட்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். குழி, வளைவு, மெல்லிசான முகம் எல்லாம் ஊத்துறதுல ஈஸியா வரும், அதனாலதான் கத்துக்கிறவங்க கிளப் பெரும்பாலும் காஸ்ட்.

ஃபோர்ஜ்டுனா வெண்ணெய் மாதிரி ஃபீல்னு எல்லாரும் சொல்வாங்க. என் அபிப்பிராயம் என்னன்னா, அந்த ஃபீல்ல பெரும்பங்கு தலையோட வடிவத்துலயும் சத்தத்துலயும்தான் இருக்கு, காதுல பஞ்சு வச்சுக்கிட்டு ரெண்டையும் அடிச்சுப் பாருங்க, பாதிப் பேரு குழம்பிருவாங்க. ஃபோர்ஜ்டுல நிஜமான லாபம் ஒண்ணு இருக்கு, மெட்டல் மெதுவா இருக்கிறதால வளைச்சு லை ஆங்கிள் மாத்திக்கலாம், காஸ்ட்ல அவ்வளவு சுளுவா வளையாது. அதப்பத்தி கீழ சொல்றேன்.

காலவே கதை வேற. ஈலி காலவே துணி மில் பெரிய அதிகாரி, அப்புறம் ஒயின் தோட்டம் போட்டவரு, 1982ல 63 வயசுல ஒரு சின்ன கிளப் கம்பெனிய வாங்குனார். ரிடயர் ஆகற வயசுல மாந்தோப்பு வாங்கிப் போட்டுட்டு உக்காருற நம்ம ஆளுங்களுக்கு இத நான் அடிக்கடி சொல்றது உண்டு. டிசைனுக்கு அவர் பிடிச்ச ஆள் ரிச்சர்ட் ஹெல்ம்ஸ்டெட்டர், அவர் பில்லியர்ட்ஸ் குச்சி செஞ்சுட்டு இருந்தவர். 1991ல பிக் பெர்த்தாங்கிற டிரைவர், அதான் ரொம்ப தூரம் அடிக்கிற பெரிய தலை கிளப், வந்துச்சு, முதல் உலகப்போர் ஜெர்மன் பீரங்கி பேரு அது. சாதாரண ஆளு டிரைவர எடுத்தாலே பயப்படறான், அந்த பயத்தப் போக்கணும்கிறதுதான் அவங்க குறி, தலைய 190 சிசிக்குப் பெருசாக்குனாங்க. அதுக்கு முன்னாடியே டெய்லர்மேட் கேரி ஆடம்ஸ் 1979ல மரத்துக்குப் பதிலா இரும்புத்தலை டிரைவர் கொண்டுவந்து வழி போட்டுட்டார். இன்னிக்கு விதிப்படி 460 சிசிதான் உச்சம், எல்லா கம்பெனியும் அந்தக் கோட்டுல போய் முட்டிக்கிட்டு நிக்குது, அதனால டிரைவர்ல கம்பெனிக்கு கம்பெனி வித்தியாசம் விளம்பரத்துல சொல்ற அளவுக்கு இல்ல. போன வருஷ மாடல், அதுக்கு முந்தின வருஷ மாடல் தாராளமா வாங்குங்க. லாஃப்ட், அதாவது கிளப் முகம் பின்னால சாஞ்சிருக்கிற அளவு, மட்டும் 9 டிகிரி வேண்டாம், 10.5 இல்ல 12 எடுங்க, கௌரவம் பாக்காதீங்க.

இன்னொரு விஷயம், இது உங்க லைன்ல இருக்கிறவருக்கு ஆச்சரியமா இருக்காது. பல பெரிய பிராண்டுங்களோட தலைகள ஊத்துறது தைவான் கம்பெனிங்கதான், சீனாவுலயும் வியட்நாம்லயும் இருக்கிற ஆலைகள்ல. ஓசூர்ல ஒரே ஷெட்ல நாலு கம்பெனிக்கு பார்ட்ஸ் போகுதே அந்த மாதிரி. அதனால நீங்க காசு குடுக்கிறது டிராயிங்குக்கு, டாலரன்ஸுக்கு, முக்கியமா உங்க அளவுக்கு செட் பண்ணித் தர்றதுக்கு.

கடைல ஏமாறுற எடம் ஒண்ணு இருக்கு, நம்பர். "என் 7 அயர்ன் 150 கஜம் போகுது, உன்னோடது 135தான்"னு ஃப்ரெண்டு சொல்லுவான். பிளேடுல 7 அயர்ன் 34 டிகிரி கிட்ட இருக்கும், இப்ப வர்ற ஈஸி செட்டுங்கள்ல 28, 30 டிகிரிதான். அதாவது பழைய கணக்குல அது 6 அயர்ன், சிலது 5 அயர்னே. தலைல 7னு அடிச்சு விட்டுருக்காங்க. தப்புன்னு சொல்ல மாட்டேன், எடை கீழ இறங்குனதால பந்து உயரமாவே போகுது. ஆனா ரெண்டு செட்ட ஒப்பிடறப்ப நம்பர வச்சு ஒப்பிடாதீங்க, டிகிரி கேட்டு ஒப்பிடுங்க. அதோட அந்த செட்டுல பிட்சிங் வெட்ஜே 43, 44 டிகிரி ஆயிருக்கும், நேரா 56 சாண்ட் வெட்ஜுக்குத் தாவுனா நடுவுல பெரிய ஓட்டை, 50 கிட்ட ஒண்ணு தனியா வாங்க வேண்டி வரும், பட்ஜெட்ல அதையும் போட்டுக்கங்க.

ஷாஃப்ட், அதான் கிளப்போட கம்பு, அதப் பத்தி யாருமே கேக்க மாட்டேங்கறாங்க, அதான் எனக்கு வருத்தம். கிளப்போட இன்ஜின் அதுதான்னு சொல்லுவாங்க, நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன், ஆனா தப்பான ஷாஃப்ட் உங்க ஸ்விங்கையே கெடுத்துரும். அந்த ஜப்பான் சாரோட செட்ல ஷாஃப்ட்ல எஸ்னு (விறைப்பான கம்பு) இருக்கான்னு பாருங்க. அஞ்சு மாசம் ஆடுன உங்களுக்கு பெரும்பாலும் ஆர் (கொஞ்சம் வளைஞ்சு குடுக்கிறது) போதும், எடையும் 100 கிராமுக்குள்ள இருந்தா பத்தாவது ஹோல்ல தோள்பட்டை உங்களத் திட்டாது. இதுல ஒரு கூத்து, ஆர், எஸ்ஸுக்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான ஸ்டாண்டர்டே கிடையாது, ஒருத்தர் ஆர் இன்னொருத்தர் எஸ் மாதிரி இருக்கும். குவாலிட்டில இருக்கிற உங்களுக்கு இது ரத்தம் கொதிக்கும்னு தெரியும்.

இப்ப லை ஆங்கிள். தரைல கிளப்ப வச்சா கம்பு எவ்வளவு சாஞ்சு நிக்குதோ அது. குள்ளமோ ஒசரமோ, கை நீளமோ, அதுக்குத் தகுந்த மாதிரி மாறணும். தலையோட மூக்கு (வெளி நுனி) தூக்கி நின்னா பந்து இடது பக்கம் இழுக்கும், குதிகால் (கம்பு சேர்ற பக்கம்) தூக்கி நின்னா வலது பக்கம் போகும், நம்மாளு தன்னோட ஸ்விங்குதான் கோளாறுன்னு ஆறு மாசம் அழுவான். போன மாசம் ஒருத்தர் அப்படித்தான் வந்தார், நல்ல ஒசரம், எல்லாப் பந்தும் வலது பக்கம். பந்துல மார்க்கர் பேனாவால நெட்டுக்குத்தா ஒரு கோடு போட்டேன், அந்தக் கோடு கிளப் முகத்தப் பாத்து இருக்கிற மாதிரி வச்சு அடிக்கச் சொன்னேன். முகத்துல அந்த மை ஒட்டுச்சு பாருங்க, நேரா நிக்காம படுத்த மாதிரி சாஞ்சு கிடந்துச்சு. ரெண்டு டிகிரி நிமித்தி வளைச்சுக் குடுத்தேன், அரை மணி நேர வேலை, பந்து நேராயிருச்சு. இந்த சோதனைய நீங்களே பண்ணலாம், பத்து ரூபா மார்க்கர் போதும். பிங் கிளப்ல தலைல கலர் புள்ளி பாத்திருப்பீங்க, அது அழகுக்கு இல்ல, கருப்புன்னா ஸ்டாண்டர்ட், மத்த கலரெல்லாம் இத்தன டிகிரி சாஞ்சது நிமிந்ததுன்னு அர்த்தம். செகண்ட்ஹேண்ட்ல பிங் வாங்குனா புள்ளி கலர் பாக்காம வாங்காதீங்க, அது வேற யாரோ உடம்புக்கு தச்ச சட்டை.

பட்டர் நீங்களே தேடிக்கங்க, அதுக்கு நான் வேண்டாம். கம்ப ஒரு விரல் மேல தராசு மாதிரி படுக்க வைங்க, முகம் வானத்தப் பாத்து நின்னா அது நேரா இழுத்து நேரா தள்றவங்களுக்கு, மூக்கு கீழ தொங்குனா கொஞ்சம் வளைச்சு ஆடறவங்களுக்கு. மத்தபடி எது கண்ணுக்குப் பிடிக்குதோ அது.

உங்க 60 ஆயிரத்துக்கு என் கணக்கு இது. 14 கிளப் வரைக்கும் வச்சுக்கலாம்னுதான் விதி, 14 வச்சே ஆகணும்னு இல்ல. 3 அயர்ன், 4 அயர்ன் உங்களுக்கு சும்மா பாரம், அதுக்குப் பதில் ஒரு ஹைப்ரிட், நீள அயர்ன விட சுளுவா பந்தத் தூக்குற கிளப். கேவிட்டி பேக்ல 6ல இருந்து பிட்சிங் வெட்ஜ் வரைக்கும், ரெண்டு வெட்ஜ், ஒரு பட்டர், ஒரு டிரைவர். அயர்ன் மட்டும் புதுசா அளவெடுத்து வாங்குங்க, மத்ததெல்லாம் செகண்ட்ஹேண்ட் போதும். ஃப்ரெண்டு சொன்ன பிங்கா கோச் சொன்ன காலவேயான்னா, ஆர் ஷாஃப்ட்ல ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இருபது பந்து அடிங்க, நல்லா அடிச்ச பந்த எண்ணாதீங்க, சொதப்புன பந்து எங்க விழுந்துச்சுன்னு மட்டும் பாருங்க. எதுல சொதப்பல் கம்மியா ஓடிப்போகுதோ அத எடுங்க.

செகண்ட்ஹேண்ட்ல டூப்ளிகேட் நெறைய சுத்துது. கழுத்துல இருக்கிற சீரியல் நம்பர கம்பெனிகிட்ட கேட்டுருங்க, எழுத்துல பெயிண்ட் வழிஞ்சிருக்கான்னு பாருங்க, டைட்டானியம் டிரைவர்னு சொல்லி வித்தா முகத்துல காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டுனா கெளம்பி வந்துருங்க. வாங்குனதுக்கு அப்புறம் கார் டிக்கிலயே போட்டு வைக்காதீங்க, கிருஷ்ணகிரி சித்திரை வெயில்ல டிக்கி அடுப்பு மாதிரி இருக்கும், கிரிப் கல்லாயிரும், தலைய ஒட்டியிருக்கிற எபாக்ஸி இளகும், ஒரு நாள் பந்துக்கு முன்னாடி தலை பறந்து போகும்.

ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சரைக்கே கெளம்பி அத்திப்பள்ளி தாண்டிருங்க, லேட் ஆனா சில்க் போர்டுல மாட்டிக்குவீங்க. போறப்ப அந்த மார்க்கர எடுத்துட்டுப் போங்க. ஜப்பான் சார்கிட்ட செட்டு வேண்டாம்னு எப்படி சொல்றதுன்னு யோசிக்கிறீங்கன்னா, இன்னும் அந்த அளவுக்கு நான் ஆடல சார்னு சொல்லுங்க. நிஜமும் அதானே.