ஒரே மலைக்கு வருடாவருடம் போவதில் அப்படி என்ன இருக்கிறது?

கணவர் ஒவ்வொரு குளிர்காலமும் பனிச்சறுக்குக்கு ஜப்பானின் நிசெகோவுக்கே டிக்கெட் போடுகிறார், பார்த்த மலையையே எத்தனை தடவை பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அந்தக் கணவரின் இடத்தில் இருப்பவள் நான். எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் "மறுபடியும் அதே மலையாம்மா?" என்று மாமா ஆரம்பித்துவிடுவார். அதனால் இதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நீங்கள் அங்கே ஹிராஃபு தளத்தின் அடிவாரத்தில் ஸ்கீ வகுப்பு நடக்கும் சரிவோடு நின்றிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அங்கிருந்து பார்த்தால் லிஃப்டும் கூட்டமும்தான் தெரியும். நிசெகோ அன்னுபுரி 1,308 மீட்டர் மலை. ஹனசோனோ, ஹிராஃபு, நிசெகோ வில்லேஜ், அன்னுபுரி என்று நான்கு ஸ்கீ தளங்கள் அதில் இருக்கின்றன, நான்குக்கும் பொதுவான லிஃப்ட் பாஸும் உண்டு. அன்னுபுரி பக்கம் அகலமான, நிதானமான சரிவு. ஹிராஃபுவில் இரவிலும் விளக்கு வெளிச்சத்தில் சறுக்கலாம். ஹனசோனோவில் பிர்ச் மரக்காடு. எனக்கு உயிர் அதுதான்.

சைபீரியக் குளிர்காற்று ஜப்பான் கடலைக் கடக்கும்போது ஈரத்தை வாரிக்கொண்டு வந்து இங்கே பனியாகக் கொட்டுகிறது. ஒரு ஜனவரியில் இரவு முழுக்கக் கொட்டியது, காலையிலும் விடவில்லை. காற்று பலமாக இருந்ததால் மேல் லிஃப்டுகளை நிறுத்திவிட்டார்கள். வெட்டவெளிச் சரிவில் மேடு எது, பள்ளம் எது என்றே தெரியவில்லை. விடுதியில் உடன் தங்கியிருந்தவர்கள் அறைக்குத் திரும்பிவிட்டார்கள். நானும் தம்பியும் ஹனசோனோ மரங்களுக்குள் போனோம். மரம் இருந்தால் கண்ணுக்குப் பிடிமானம் கிடைக்கும், காற்றும் அடங்கிவிடும். பனி முழங்கால் அளவு, கோலமாவு மாதிரி. "அக்கா, மரத்தைப் பார்க்காத, நடுவுல இருக்கிற இடத்தைப் பாரு" என்று தம்பி முன்னால் கத்திக்கொண்டே போனான். ஒவ்வொரு வளைவிலும் பனி எழும்பி முகத்தை மூடும். அது விலகிய பிறகுதான் மூச்சை இழுக்க முடியும். புது மலையாக இருந்திருந்தால் அந்த நாள் அறையிலேயே போயிருக்கும். எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் என்பது போகப் போகத்தான் பிடிபடும்.

பணத் திமிர் என்று யாராவது சொல்ல வருவார்கள். ஸ்கீ, பூட்ஸ் எல்லாம் எனக்கு வாடகைதான், வருடத்தில் வேறு பயணம் கிடையாது. உயிரோடு விளையாடுகிறேன் என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன், நான் ஸ்கீ தளத்தின் எல்லைக் கயிற்றைத் தாண்டுவதில்லை. எல்லைக்கு வெளியே போகும் கேட்களைப் பனிச்சரிவு அபாயத்தைப் பார்த்துத்தான் திறப்பார்கள். மூடியிருக்கும்போது தாண்டினால் பாஸைப் பறித்துக்கொள்வார்கள். அது மிகச் சரி.

எனக்கு உண்மையான வருத்தம் லீவில்தான். நல்ல பனி ஜனவரி, பிப்ரவரியில். தைப்பூசமும் அப்போதுதான் வரும். சிங்கப்பூரில் 1968 முதல் அது பொது விடுமுறை இல்லை. பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை பால்குடம் எடுக்க லீவு கேட்டால், "இப்போதானே ஜப்பான் போய்ட்டு வந்தீங்க?" என்கிறார்கள். முருகனுக்கு எடுக்கும் நாளையும் சுற்றுலாக் கணக்கில் சேர்ப்பது எந்த ஊர் நியாயம்?

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை பொதுப் பாஸ் வாங்கி, ஒரு பயிற்றுநரோடு அன்னுபுரி பக்கத்தில் தொடங்குங்கள். கணவர் மரங்களுக்குள் போகட்டும், தனியாக மட்டும் வேண்டாம். அடிமரத்தைச் சுற்றிப் பனி கெட்டிப்படாமல் குழியாக இருக்கும். விழுந்தால் இழுத்துவிட ஓர் ஆள் வேண்டும்.