தாத்தா பெட்டியில் கிடைத்த தோட்டாக்கள்

தம்பி, சுங்கை சிப்புட் தோட்ட வீட்டில், காவலராக இருந்த தாத்தாவின் தகரப் பெட்டியில் பழைய தோட்டாக்கள் கிடைத்ததாகவும், "ரப்பர் குண்டுதான், ஆபத்தில்லை" என்று மாமா சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். உறையில் அச்சிட்ட எழுத்து அழிந்துவிட்டால், உள்ளே இருப்பது பறவைக்கான பொடி ரவையா, காட்டுப்பன்றிக்கான பருத்த ஈயக் குண்டா, ரப்பரா என்று வெளியே தெரியாது. ரப்பர் குண்டும் கிட்டத்தில் பட்டால் கண்ணைப் பறிக்கும்; உயிரையும் குடித்திருக்கிறது.

பித்தளை அடியின் நடுவில் சிறு வட்டம் தெரிகிறதல்லவா? வெடியைப் பற்றவைப்பது அதுதான். அதில் எதுவும் இடிக்கக் கூடாது. பிரிக்கவும் வேண்டாம், வெயிலில் காயவைக்கவும் வேண்டாம்.

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் தோட்டாவை மட்டும் வைத்திருப்பதும் குற்றம். நீங்களே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். இன்றே போலீஸ் நிலையத்தை அழைத்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அதுவரை பிள்ளைகளை அந்த அறைப் பக்கம் விடாதீர்கள்.