கேட்டது 14 கவுண்ட், வந்தது 11

கேள்வி: அக்கா மகளுக்குப் பிறந்தநாள் புத்தகத்தோடு வைத்துக் கொடுக்கலாமே என்று, கிராஸ் ஸ்டிச் புக்மார்க் கிட் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். '14 கவுண்ட்', அதாவது ஓர் அங்குலத்துக்கு 14 கட்டம் என்று படத்தின் கீழே தெளிவாகப் போட்டிருந்தது. வந்த துணியில் ஓர் அங்குலத்துக்கு 11 கட்டம்தான் இருக்கிறது. நூலில் கம்பெனிப் பெயரும் இல்லை, நிற எண்ணும் இல்லை. "பாக்கெட்டைப் பிரித்துவிட்டீர்கள், திருப்பி எடுக்க முடியாது" என்கிறார்கள். இதையே தைத்துவிடட்டுமா, சண்டை போடட்டுமா?

பதில்: முதலில் சண்டை. ஊசியை அதுவரை தொடாதீர்கள்.

மூன்று கட்டம்தானே குறைவு என்று விற்றவர் சொல்லக்கூடும். டிசைன் தாளில் குறுக்கே 28, நெடுக்கே 84 கட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டத்தைக் கவுண்ட்டால் வகுத்தால் அங்குலம் வந்துவிடும். 14 கவுண்ட்டில் 2க்கு 6 அங்குலம், கச்சிதமான புக்மார்க். 11 கவுண்ட்டில் அதுவே இரண்டரைக்கு ஏழரை அங்குலத்தைத் தாண்டிவிடும், ஓரத்துக்கு விடும் துணி தனி. கிரவுன் அளவு நாவலுக்குள் வைத்தால் தலையும் வாலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதோடு 14க்கு இரண்டு இழை போதுமென்றால் 11க்கு மூன்று இழை வேண்டும். இல்லாவிட்டால் இடையில் துணி பல்லிளிக்கும். மூன்று இழையில் தைத்தால் புக்மார்க் தடித்துப்போகும்.

சட்டம் உங்கள் பக்கம்தான். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை பொருளில் இல்லையென்றால் விற்பனையாளர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது. பிரித்துவிட்டீர்கள் என்பது ஒரு சாக்கு. பிரிக்காமல் கட்டத்தை எப்படி எண்ணுவதாம்? துணிமேல் ஸ்கேலை வைத்து, ஓர் அங்குலத்துக்குள் இருக்கும் கட்டங்கள் தெரியும்படி ஒரு படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், நாளைக்கே '14' மாயமாகிவிடலாம். இரண்டையும் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் அவர் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும். நகரவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு புக்மார்க் கிட்டுக்காக அவ்வளவு தூரம் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: கிட்டே வேண்டாம், தனித்தனியாக வாங்குகிறேன். எதில் காசு போடுவது, எதில் மிச்சம் பிடிப்பது?

பதில்: நல்ல முடிவு. காசைத் துணியிலும் நூலிலும் போடுங்கள், நிறங்களின் எண்ணிக்கையில் மிச்சம் பிடியுங்கள்.

கட்டம் கட்டமாக நெய்த ஐடா துணியை 14 கவுண்ட் என்று கேட்டு வாங்குங்கள். கால் மீட்டரே பல புக்மார்க்குக்குத் தாங்கும். தையல் சாமான் கடைகளில் மேட்டி துணி என்று மலிவாக ஒன்று கொடுப்பார்கள். அதில் பெரும்பாலும் கவுண்ட் எழுதியிருக்காது. கடையிலேயே ஸ்கேலை வைத்து நெடுக்கிலும் குறுக்கிலும் எண்ணிப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லையென்றால் வட்டமாகத் தைத்த பூ முட்டை வடிவில் வந்து நிற்கும். எண்ணினால் கடைக்காரர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

100 நிற நூல் பெட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். ஆங்கர், டிஎம்சி இரண்டு கம்பெனியிலும் ஒரு நூல்கட்டு 8 மீட்டர், அதில் ஆறு இழை. இரண்டு இரண்டாகப் பிரித்தால் 24 மீட்டர். 14 கவுண்ட்டில் சுமார் 1,500 தையல் போடலாம். நம் புக்மார்க்கில் வெற்றிடத்தையும் சேர்த்தே 2,352 கட்டம்தான். ஆக, நிறத்துக்கு ஒரு கட்டு வாங்கினாலே நிறைய மிஞ்சும். டிஎம்சி விலை கூடுதல். புக்மார்க் அளவு வேலைக்கு ஆங்கரே போதும் என்பது என் கட்சி. எண்ணில்லாத நூலை மட்டும் வாங்காதீர்கள், பாதியில் தீர்ந்தால் அதே நிறத்தைத் தேடிப் பிடிக்க முடியாது. டிசைன் டிஎம்சி எண்ணில் இருந்தால், அதற்கு ஈடான ஆங்கர் எண்ணைச் சொல்லும் மாற்று அட்டவணை கிடைக்கும். கறுப்புக்கு டிஎம்சி 310, ஆங்கர் 403. மற்ற நிறங்கள் அநேகமாகக் கிட்டத்தட்டதான் பொருந்தும், கடையில் பக்கத்தில் வைத்துப் பார்த்து எடுங்கள்.

ஊசி, முனை மழுங்கிய டேப்பஸ்ட்ரி 24-ஆம் நம்பர். சாதாரண ஊசி துணியின் இழையையே குத்திப் பிளக்கும். அப்புறம், முடிச்சு போடாதீர்கள், புத்தகப் பக்கத்தில் தடம் விழும். நீளமான ஒற்றை இழையை இரண்டாக மடித்து, இரு நுனியையும் ஊசியில் கோத்து, பின்பக்கம் மிஞ்சும் கண்ணிக்குள் ஊசியை விட்டு இழுத்தால் முடிச்சே தேவையில்லை. பின்பக்கத்தை மறைக்க மெல்லிய ஃபெல்ட் அல்லது சாட்டின் ரிப்பன்.

கேள்வி: கடையில் வாங்கிய சிவப்பு நூலால் தைத்துத் துவைத்தேன். வெள்ளைத் துணியெல்லாம் ரோஸ். பில்லில் 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று இருக்கிறது.

பதில்: அந்த வரி செல்லாது. குறைபாடுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளும், கெடு எதுவும் இல்லையென்றால் 30 நாளுக்குள்ளும் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக நடைமுறை. பில், மிச்ச நூல், கறைபட்ட துணி மூன்றையும் கடைக்கு எடுத்துப் போங்கள். சூடான தண்ணீரில் துவைத்திருந்தால் உங்கள் வாதம் கொஞ்சம் பலவீனமாகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

துணி இன்னும் ஈரமாக இருந்தால் நம்பிக்கை உண்டு. குழாயடியில் பச்சைத் தண்ணீரில், தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். கறை போகும்வரை காயவிடவோ இஸ்திரி போடவோ வேண்டாம், சாயம் நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும். அடுத்த முறை சிவப்பு, கருநீலம் எது வாங்கினாலும், தைக்கும் முன்பே ஒரு துண்டு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள்.