தொடர் விடுமுறையில் வயதான பெரியம்மாவைச் சென்னை சுற்றிப் பார்க்கக் கூட்டிப் போகிறேன். கோயில்களோடு நிறுத்திக்கொள்ளலாமா?

மூன்று நாள் சேர்ந்தாற்போல் லீவு வருகிறது, பெரியம்மாவுக்கு எழுபது வயது, முட்டிவலி உண்டு, நாலு கோயிலைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை எங்களிடம் கேட்பதற்கு முன்னால் அவரிடம் கேட்டீர்களா? கேட்டிருக்க மாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலான வீடுகளில் யாரும் கேட்பதில்லை.

உங்கள் வீட்டிலும் யாராவது ஒருவர், "அந்த வயசுல அவங்களுக்கு வேற என்ன தெரியப்போவுது, கபாலி கோயிலும் வடபழனியும் போதும்" என்று சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் சொன்னார்கள். என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கடலூர் புதுப்பாளையத்தில் தனியாக இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னைக்குப் பலமுறை போனவர்தான். எல்லாம் கல்யாணம், காதுகுத்து, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரி. மாமாவைச் சேர்த்திருந்தபோது வார்டு வராந்தாவிலேயே பாயைப் போட்டுக்கொண்டு கிடந்தார். அங்கிருந்து ரயில் போவது தெரியுமாம். அது எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்கக்கூட ஆள் இல்லை என்பார். அப்படிப்பட்டவரைப் பார்த்து "மெட்ராஸ்தான் உங்களுக்குத் தெரியுமே" என்று உறவுக்காரர்கள் பேசினால் எனக்குக் கோபம் வருகிறது.

நான் கேட்டேன். யோசிக்கவே இல்லை, மளமளவென்று சொன்னார். செயின்ட் ஜார்ஜ் கோட்டை, மியூசியத்தில் இருக்கிற நடராஜர், லைட்ஹவுஸ் உச்சி, பூமிக்கு அடியில் போகிற ரயில். கோயில் ஒன்றுகூட இல்லை.

உடனே யாராவது நான் கோயிலுக்கு எதிரி என்று கிளம்பிவிட வேண்டாம். அப்பரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டும் கரையேறின ஊர் எங்களுடையது. பாடலீசுவரர் கோயில் வைகாசித் தேருக்கு அத்தை இன்றைக்கும் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக் காத்திருப்பார், பிரதோஷம் தவறமாட்டார். கோயில் அவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கோட்டையும் லைட்ஹவுஸும் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான்.

முதலில் கிழமையைப் பாருங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கும் கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. தொடர் விடுமுறை பாதிக்குப் பாதி வெள்ளியில்தான் தொடங்கும், அதனால் வெள்ளியைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் சுதந்திர தின விடுமுறையில் போனோம். திருப்பாதிரிப்புலியூரில் சோழன் எக்ஸ்பிரஸ் ஏறி எழும்பூரில் இறங்கினோம். வயதான பெண்களுக்கு ரயில்தான் நல்லது என்று சொல்வேன், காரணம் கழிப்பறை. பஸ் என்றால் இறங்க வேண்டியிருக்குமே என்று காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வருவார்கள், வெளியே சொல்லவும் மாட்டார்கள். எழும்பூரிலேயே அறை எடுத்தால் மியூசியம் பக்கம். அறை எடுக்கும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள், ஓடுகிறதா என்று கேளுங்கள். நாங்கள் போன லாட்ஜில் லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை. கீழ்த்தள அறையைக் கொடு என்று வரவேற்பு மேசையில் நின்று சண்டை போட்டுத்தான் வாங்கினேன்.

சனிக்கிழமை கோட்டை. எழும்பூரில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, உயர் நீதிமன்றம் நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து கோட்டைக்கு ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். மெட்ரோவில் எல்லா நிலையத்திலும் லிஃப்ட் உண்டு. நகரும் படிக்கட்டில் புடவைக் கொசுவத்தோடு ஏறச்சொல்லி வற்புறுத்தாதீர்கள், லிஃப்டைத் தேடிப் போங்கள். தலைமைச் செயலகமும் உள்ளே இருப்பதால் வாசலில் சோதனை செய்வார்கள், ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள்.

அருங்காட்சியகத்தில் 1947 ஆகஸ்ட் 15 அன்று அந்தக் கோட்டையில் ஏற்றிய தேசியக் கொடியே இருக்கிறது. அதன் முன்னால் அத்தை நின்ற நேரத்தில் எங்களைத் தாண்டி இரண்டு மூன்று குடும்பங்கள் போய்விட்டன. அப்புறம் செயின்ட் மேரி தேவாலயம், 1680இல் திறந்தது. உள்ளே சில கல்லூரிப் பிள்ளைகள் நின்றிருந்தார்கள். ராபர்ட் கிளைவுக்கு 1753இல் இங்கேதான் கல்யாணம் நடந்தது என்று ஒரு பையன் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அத்தை மெதுவாகத் திரும்பி, "அதுக்கு முன்னாடி அவன் உயிருக்குப் பயந்து எங்க ஊருக்கு ஓடிவந்தான், தெரியுமா தம்பி?" என்றார்.

பிள்ளைகள் சுற்றி நின்றுகொண்டார்கள். 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராஸைப் பிடித்தது, கிளைவ் மாறுவேஷத்தில் தப்பிக் கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக்கு வந்தது, 1752 வரை ஆங்கிலேயக் கம்பெனிக்கு இந்தப் பக்கத்துத் தலைமையிடமே கடலூராக இருந்தது, பிறகு 1758இல் பிரெஞ்சுக்காரர்கள் வந்து அந்தக் கோட்டையை இடித்துப் போட்டது என்று வரிசையாகச் சொன்னார். 1690இல் கம்பெனி அந்தக் கோட்டையை வாங்கியபோது, அங்கிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுமோ அவ்வளவு தூரத்துக் கிராமங்களையும் சேர்த்து வாங்கிய கதையையும் சொன்னார். அப்போது மதராஸ் கவர்னர் எலிஹு யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தத் தேவாலயத்தில் நடந்த முதல் கல்யாணமும் அவருடையதுதான். அது நான் சொன்னது, அத்தை சொன்னது இல்லை.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று வெளியே வந்து கேட்டேன். சத்துணவுக் கூடத்தை ஒட்டிய வகுப்பில் வரலாற்று வாத்தியார் வருஷா வருஷம் நடத்துவாராம். "அரிசி களைஞ்சிக்கினே கேப்பேன் கண்ணு. வருஷம் பூரா கேட்டா மறக்குமா?" அவருக்கு என்ன தெரியப்போகிறது என்று கேட்ட உறவுக்காரர்கள் அத்தனை பேரையும் அந்த இடத்தில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். கடலூர் என்றால் சென்னையில் "பாண்டிச்சேரி பக்கத்துலயா?" என்றுதான் கேட்கிறார்கள். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், இந்த மாதிரி ஏதாவது வந்தால்தான் எங்கள் ஊர்ப் பெயர் டிவியில் ஓடும். ஒவ்வொரு தொடர் விடுமுறைக்கும் பாண்டிச்சேரி கடற்கரைச் சாலையில் நிற்க இடம் இருக்காது. அங்கிருந்து இருபது சொச்சம் கிலோமீட்டரில், தேவனாம்பட்டினத்தில் கெடிலம் ஆற்றோரமாக, ஒரு காலத்தில் மதராஸையும் சேர்த்து ஆண்ட கோட்டையின் மிச்சம் கிடக்கிறது. பிச்சாவரம் போகிற வண்டிகள் எங்கள் ஊரைத் தாண்டித்தான் போகின்றன. யாரும் இறங்குவதில்லை. சொந்த ஊர்க்காரர்களே பிள்ளைகளைச் சில்வர் பீச்சுக்குக் கூட்டிப் போய் மிளகாய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சாயங்காலம் மெரினா கலங்கரை விளக்கம். 1977இல் திறந்தது, லிஃப்ட் இருக்கிறது. கடலைப் பார்த்தே வளர்ந்தவரை மணலில் உட்காரவைத்து என்ன பயன்? மேலே இருந்து பார்த்தது வேறு. சாந்தோம் தேவாலயத்துக் கோபுரம், நொச்சிக்குப்பத்துப் படகுகள், வலை காயும் இடம் எல்லாம் தெரிந்தது. படகு எப்படித் திரும்பி நிற்கிறது என்று பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று எனக்குச் சொன்னார்.

ஞாயிறு காலை மியூசியம். 1851இல் தொடங்கியது, 6 கட்டடங்கள், 46 காட்சிக்கூடங்கள். எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் உங்கள் பெரியம்மாவின் கால் அன்றோடு போய்விடும். செப்புத் திருமேனிகள் இருக்கிற இடத்துக்கு நேராகப் போங்கள். திருவாலங்காட்டு நடராஜரும் திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் அங்கே இருக்கிறார்கள். ஊர்க் கோயிலில் உற்சவரைப் பட்டும் மாலையும் மூடியிருக்கும், முகம் மட்டும்தான் தெரியும். இங்கே விரல், இடுப்பு வளைவு, பின்பக்கச் சடை வரை பார்க்கலாம். அர்த்தநாரீசுவரரின் ஒரு பக்கம் ஆண் இடுப்பு, மறுபக்கம் பெண் இடுப்பு, இரண்டும் ஒரே உடம்பில் எங்கே சேர்கிறது என்று அத்தை தேடிப் பார்த்தார். இத்தனை வருஷம் கும்பிட்டும் இதைப் பார்த்ததில்லையே என்றார். கோயிலோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டீர்களே, சாமியை இப்படிப் பார்க்கக் கோயிலில் முடியாது. பிறகு திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். அதோடு போதும் என்று அவரே சொல்லிவிட்டார்.

அலைச்சல் பற்றி: ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் விடியற்காலையில் எழுப்பி, மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் மதியம் வரை உட்காரவைக்கிறோமே, அப்போது யாருக்கும் அலைச்சல் ஞாபகம் வருவதில்லை. ஒரு நாளைக்கு இரண்டு இடம், நடுவில் மதியம் படுக்க அறை, இது போதும். மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கும் இதேதான் என்று நான் சொல்லவில்லை.

கூட்டத்துக்கும் பயப்பட வேண்டாம். தொடர் விடுமுறையில் சென்னையே ஊருக்குக் கிளம்புகிறது, நாம் எதிர்த் திசையில் போகிறோம். ஞாயிறு சாயங்காலம் கிளாம்பாக்கத்தில் ஊரிலிருந்து திரும்புகிற கூட்டம் அலைமோதியது. கடலூர் பஸ்ஸில் எங்களுக்கு ஜன்னலோர இருக்கையே கிடைத்தது. பஸ் என்பதால் கிளம்புவதற்கு முன் அங்கேயே கழிப்பறைக்குப் போய்வரச் சொல்லிவிடுங்கள், திண்டிவனம் வரை எங்கே நிறுத்துவார்கள் என்று நம்ப முடியாது.